திரையில் ஒட்டிய பொட்டுகள்

ஒரு ஜன்னலுக்குள் ஒரு கோட்டை ஓட வைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஜன்னல் என்றால் கம்ப்யூட்டர் திரையில் திறக்கிற ஜன்னல். கோடு என்பது எங்கள் கம்பெனிச் சூளையின் சூடு. சூளைச் சுவரில் செருகியிருக்கும் கம்பி பத்து விநாடிக்கு ஒருமுறை ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண் திரையில் ஒரு புள்ளியாக வந்து உட்கார வேண்டும், புள்ளிகள் சேர்ந்து கோடாக வளர வேண்டும். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் இன்சுலேட்டர் செய்கிற சின்ன கம்பெனி அது. மின்கம்பத்தின் மேல் வெள்ளையாகவோ காப்பிக் கலரிலோ தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்குமே, அதுதான் இன்சுலேட்டர். நான் அங்கே பில் போடுகிறவள். நல்லூர் பஸ்ஸில் காலையில் வந்து சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவேன். காலேஜில் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் இருந்த ஒரே சம்பந்தம், பில்லையும் கம்ப்யூட்டரில்தான் அடிக்க வேண்டும் என்பது.

சரக்கு வாங்குகிறவர்கள் ஒரு நாள், ஒவ்வொரு சூளைக்கும் சூடு எப்படி ஏறியது என்று படம் போட்டுத் தர வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டார்கள். அதுவரை மீட்டரைப் பார்த்து மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். எழுத மறந்த மணிக்கு மனசில் தோன்றிய எண்ணை எழுதி வைப்பதும் உண்டு. அதற்கான மெஷினுக்கு வெளியூரில் விலை விசாரித்துவிட்டு முதலாளி முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தபோது, "நான் செஞ்சு தரேன் சார்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் எப்போதும் கையைவிட ஓரடி முன்னால் போகும்.

சூப்பர்வைசர் சிரித்தார். இருபது வருடமாகச் சூளைப் பக்கமே இருப்பவர் அவர். "பில்லு போடற பொண்ணு சூளைக்குப் படம் போடப் போவுதாம்" என்று மண் கலக்கும் ஆட்களிடம் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். அங்கேயே எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி, யார் மேலாவது இருந்த கோபத்தில் கற்றுக்கொண்டதுதான்.

முதலில் எழுதிய புரோகிராம், எண்ணை வாங்கு, புள்ளி வை, பத்து விநாடி காத்திரு, திரும்ப எண்ணை வாங்கு என்று ஒரே சுற்றில் ஓடியது. ஜன்னல் திறந்த உடனே வெளுத்துப்போய் அப்படியே நின்றது. மவுசை வைத்துக் குத்தினாலும் அசையவில்லை. அது ஏன் என்று புரிய ஒரு வாரம் ஆனது. ஜன்னலுக்கும் அதன் வேலை இருக்கிறது. அது தன்னைத் தானே வரைந்துகொள்ள வேண்டும், யாராவது தொடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். என் சுற்று அதற்கு மூச்சுவிட நேரமே கொடுக்கவில்லை. காத்திருக்கும் வேலையை ஜன்னலிடமே ஒப்படைத்து, 'பத்து விநாடி கழித்து என்னைக் கூப்பிடு' என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அப்படிச் செய்ததும் கோடு நகர்ந்தது. மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டர் ஊர ஆரம்பித்தது. பார்த்தால், பழைய கோட்டை அழிக்காமல் ஒவ்வொரு தடவையும் அதன் மேலேயே புதுக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக ஆயிரக்கணக்கான கோடுகள் கிடந்தன. ஒரே கோட்டை வைத்துக்கொண்டு, எண்களை மட்டும் மாற்றிக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன். இத்தனையும் பில் போட்ட நேரம் போக மிச்ச நேரத்தில்.

சூளையைப் பார்த்துக்கொண்டது ஒரு அக்கா. கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு வேலைக்கு வந்தவர். ஆறு வருடம் சூளை டிராலியில் சரக்கு அடுக்கினார். சூளைக்காரர் துபாய்க்குப் போனபோது, அடுத்த ஆள் கிடைக்கிறவரைக்கும் என்று முதலாளி அக்காவிடம் கேஸ் வால்வைக் கொடுத்தார். கிடைக்கிறவரைக்கும் என்பது ஒன்றரை வருடமாகியிருந்தது. பேட்டையில் வேறு எந்தச் சூளையிலும் ஒரு பெண் வால்வைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

சூப்பர்வைசருக்கு அந்த இடத்தில் கொண்டுவந்து வைக்க ஒரு மைத்துனர் இருந்தார். இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அதனால் அக்கா காய்ச்சல் வந்தாலும் சூளை நாளில் லீவு போட மாட்டார். ஒரே ஒரு சூளை கெட்டால் போதும், தன்னைத் தூக்கிவிடுவார்கள் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லுவார். "ஆம்பள கெடுத்தா மண்ணு சரியில்லம்பாங்க. நான் கெடுத்தா பொம்பள சரியில்லம்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படியில் நிற்கிற நிதானத்தோடு வால்வைத் திருப்புவார்.

என் கோடு ஓட ஆரம்பித்ததும் அதை முதலில் நம்பியவரும் அவர்தான். பழைய மீட்டரின் வயரை, கம்ப்யூட்டருக்கு எண்ணை அனுப்ப நான் வைத்த பெட்டிக்கு இழுத்துவிட்டதால் மீட்டர் செத்துவிட்டது. கம்ப்யூட்டர் இருந்ததோ தூசி படாத கண்ணாடி அறைக்குள். வால்வு பதினைந்து அடி தள்ளி. அங்கிருந்து பார்த்தால் சிவப்புக் கோடு தெரியும், ஓரத்தில் இருக்கும் பொடி எண்கள் தெரியாது. தடித்த பீங்கானுக்கு முதல் ஐந்து மணி நேரம்தான் உயிர். உள்ளே இருக்கிற ஈரம் பொறுமையாக வெளியே வர வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் உள்ளுக்குள் விரிசல் விழுந்துவிடும். சூளையைத் திறக்கும் வரை யாருக்கும் தெரியாது.

"ஏம்மா, கோடு போவ வேண்டிய எடத்த முன்னாடியே லேசா போட்டு வெச்சிடேன். அது மேலயே ஓட்டிக்குனு போயிடுவேன்" என்றார் அக்கா.

"அது ரெண்டு வரி வேலக்கா. நாளைக்குப் போட்டுடறேன்" என்றேன்.

உண்மையிலேயே இரண்டு வரி வேலைதான். அந்த நாளை வரவே இல்லை. ஒரு நாள் பில் அதிகம், ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் நினைவே வரவில்லை. கடினமான வேலை முடிந்த பிறகு சுலபமான வேலையைச் செய்ய எனக்கு ஒரு சோம்பல் உண்டு. இரண்டு சூளை வரை அக்கா காத்திருந்தார். மூன்றாவது சூளை நன்றாக எரிந்த நாளில், மணிக்கு ஒரு தடவை கண்ணாடி அறைக்குள் வந்து, கோட்டின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே திரையின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுப் போனார். பதினான்கு மணி நேரத்துக்குப் பதினான்கு மெரூன் பொட்டு. அடுத்த சூளையிலிருந்து, ஒவ்வொரு மணிக்கும் கோடு அந்தந்தப் பொட்டைப் போய்த் தொட்டால் போதும். குறைந்தால் கேஸைக் கூட்டுவார், தாண்டினால் குறைப்பார்.

நான் பார்த்துவிட்டுச் சிரித்தேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. "இது நல்லா இருக்கேக்கா" என்று சொல்லி, அந்த இரண்டு வரி வேலையைத் தலைமுழுகினேன். "கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சாச்சு, இனிமே பூ வெக்க வேண்டியதுதான்" என்று சூப்பர்வைசர் கிண்டலடித்தார். ஆனால் சூளைக்குச் சூளை சரக்கு நன்றாக வந்தது. பிறகு அவரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

சரக்கு வாங்குகிறவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. படத்துக்கு மேலே கம்பெனி பெயர் பெரிதாக வர வேண்டும், அதன் கீழே கேஸ் அழுத்தமும் ஒரு சின்னக் கோடாக ஓட வேண்டும் என்றார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பொய் எண்களைக் கொடுத்துச் செய்து பார்த்தேன். அழகாக இருந்தது. எனக்கே என்னைப் பிடித்துப்போன நாள் அது. ஜன்னலின் மேல்பக்கம் ஐந்தில் ஒரு பங்கை அந்தப் பெயரும் சின்னக் கோடும் எடுத்துக்கொண்டன. கீழே இருந்த வெப்பப் படம் தானாகவே சுருங்கி, கீழே இறங்கி இடம் விட்டது. நான் ஒரு வார்த்தை எழுத வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பென்டிரைவில் கொண்டுபோய் சூளைக் கம்ப்யூட்டரில் போட்டேன். சூளை ஆறிக் கிடந்ததால் சிவப்புக் கோடு இன்னும் பிறக்கவில்லை. நீல எழுத்தில் பெயர் பளிச்சென்று வந்தது. பொட்டுகள் இருந்தன. பார்த்தேன். சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்ப்பது போலப் பார்த்தேன். பொட்டு கண்ணாடியின் மேல் இருக்கிறது, படம் கண்ணாடிக்கு உள்ளே இறங்கிவிட்டது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அக்கா அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார். படத்தை மாற்றியிருக்கிறேன் என்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

நானூறு டிகிரியைக் காட்டிய பொட்டு இப்போது ஐநூறு டிகிரி இடத்தில் இருந்தது. கோடு அந்தப் பொட்டைத் தொட வேண்டுமென்றால் சூளை நூறு டிகிரி அதிகமாகக் கொதிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அக்கா சூளையைப் பற்ற வைத்தார். நான் அன்று ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். நடந்ததைப் பிறகு பல பேர் சொல்லிக் கேட்டேன். திரையில் புதிதாக வந்த பெயரை, முதலாளி கேட்டுப் போட்டது என்று அக்கா விட்டுவிட்டிருக்கிறார். கோடு ஒவ்வொரு மணியும் பொட்டுக்குக் கீழேயே நின்றிருக்கிறது. அக்கா கேஸைக் கூட்டிக் கூட்டிப் பொட்டைத் தொட வைத்திருக்கிறார். ஐந்தாவது மணியில் சூளைச் சுவரின் ஓட்டை வழியாக உள்ளே பார்த்தவருக்குத் திக்கென்று ஆகியிருக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். ஆனால் மங்கலாகச் சிவந்திருந்தது.

"சார், இன்னும் செவப்பு வரக் கூடாதே" என்று சூப்பர்வைசரைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவர் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கோடு பொட்டு மேலதானே போவுது? அப்புறம் என்னா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா எனக்குப் போன் செய்திருக்கிறார். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில்தான் பார்த்தேன், அப்புறம் பேசலாம் என்று பையில் போட்டுவிட்டேன். அக்கா அதற்குமேல் காத்திருக்கவில்லை. திரையை விட்டுவிட்டுத் தன் கண்ணை நம்பினார். கேஸைச் சட்டென்று குறைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் சூளையை அப்படியே நிறுத்தினார். மிச்சத்தை நெருப்பின் நிறத்தைப் பார்த்தும், சரியான சூடு வந்ததும் வளைவதற்கென்றே உள்ளே வைத்த முக்கோண மண்குச்சியைப் பார்த்தும் முடித்தார். கடைசிச் சூடு மிகச் சரியாக இருந்தது. ஆனால் முதல் ஐந்து மணியில் ஆன கேடு ஆனதுதான்.

திங்கட்கிழமை சூளையைத் திறந்தோம். நல்ல பீங்கானைத் தட்டினால் கணீரென்று கேட்கும். சூப்பர்வைசர் ஒவ்வொன்றாகச் சின்ன மரக்கட்டையால் தட்டினார். டொக், டொக் என்று வந்தது. இரண்டில் ஒன்று விரிசல். அக்கா டிராலிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடித் திறந்தார்.

"சூளைப் படத்த எடுத்தாம்மா" என்று முதலாளி என்னிடம் சொன்னார்.

கண்ணாடி அறைக்குப் போனேன். சனிக்கிழமை ஓடிய கோடு இன்னும் திரையில் நின்றது. அது முதல் பொட்டு, இரண்டாவது பொட்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஒன்று விடாமல் நடுவில் போய்த் தொட்டிருந்தது. நூல் பிடித்த மாதிரி. அதற்குப் பிறகு கோடு பொட்டுகளை விட்டுவிட்டுக் கீழே தனியாகப் போனது. நான் மேலே நீல எழுத்தைப் பார்த்தேன். திரும்பவும் பொட்டைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. அக்கா ஒரு தப்பும் செய்யவில்லை. படத்தைக் கீழே இறக்கியது நான். தப்பை மோப்பம் பிடித்துப் பாதியில் நிறுத்தியது அவர்.

அப்போது ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வாயை முன்னால் விட்டே பழகிய நான், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

தாளில் பொட்டு இல்லை, எண்களும் கோடும் மட்டும்தான். அதில் இருந்த ஒவ்வோர் எண்ணும் உண்மை. சூப்பர்வைசர் விரலை வைத்துக் காட்டினார். "பாருங்க சார், அஞ்சு மணி நேரத்துல ஐநூறு இருக்க வேண்டியது அறுநூத்தி சொச்சம். தாறுமாறா ஏத்திட்டு, பயந்துபோயி இங்க சட்டுனு கொறச்சிருக்குது. இப்பிடி ஆட்டுனா வெடிக்காம என்னா பண்ணும்?"

"நான் பொட்டு மேலதான் சார் போனேன்" என்றார் அக்கா.

"பொட்டு நகந்திருக்கும். இல்ல ஒனக்குக் கண்ணு அசந்திருக்கும். பொட்டப் பாத்துச் சூளை எரிச்சா இப்பிடித்தான்."

அக்கா என்னைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. இவள் படித்தவள், இவளுக்குத் தெரியும், ஏதாவது சொல்லுவாள் என்கிற பார்வை. நான் பிரிண்டரில் மாட்டிக்கொண்ட தாளை எடுப்பது போலத் திரும்பிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணங்கள் வைத்திருந்தேன். சரக்கு வாங்குகிறவர்கள் வரப்போகிறார்கள். கம்ப்யூட்டரே தப்பு என்று ஆகிவிட்டால் சூப்பர்வைசர் அதைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார். இரண்டு பெண்கள் சேர்ந்து சூளையைக் கெடுத்தார்கள் என்பார்கள். சரக்கு வாங்குகிறவர்கள் வந்து போனபின் சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் காரணம் மாதிரித்தான் இருந்தது. அடியில் இருந்தது ஒன்றே ஒன்று. மாட்டிக்கொள்ள எனக்குப் பயம்.

அன்று மத்தியானமே அக்காவைப் பெஞ்சுக்கு மாற்றினார்கள். பெஞ்சு என்பது, சுடாத பச்சைச் சரக்கின் ஓரப் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிற இடம். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசரின் மைத்துனர் வந்துவிட்டார். வந்ததும் முதல் வேலையாகத் திரையிலிருந்த பொட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்தார். பசை போகவில்லை என்று என்னிடம் ஈரத்துணி கேட்டார், கொடுத்தேன். அதற்கு முன், திங்கட்கிழமை சாயங்காலமே, ஒருவரிடமும் சொல்லாமல் நான் அந்த இரண்டு வரியை எழுதிவிட்டிருந்தேன். கோடு போக வேண்டிய பாதை இப்போது படத்துக்குள்ளேயே சாம்பல் நிறத்தில் இருந்தது. படம் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கும். இனி யாருக்கும் இந்தத் தப்பு நடக்காது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

புதன்கிழமை சரக்கு வாங்குகிறவர்கள் வந்தார்கள். படத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நம்ம பொண்ணுதான் செஞ்சுது" என்று பெருமையாகச் சொன்னார். நான் சிரித்தேன். பெஞ்சு வரிசை அங்கிருந்து பத்தடி. அக்காவும் நிமிர்ந்து பார்த்து எனக்காகச் சிரித்தார்.

வியாழக்கிழமை டீ நேரத்தில் அக்கா என்னிடம் வந்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். சூளைப் படத்தின் பிரதி. முதலாளியிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"ம்மா, நீயே பாத்து சொல்லு. நான் எந்த எடத்துல தப்பு பண்ணேன்? மூணு நாளா இதையே பாத்துக்குனு இருக்கிறேன், புடிபடல. தெரிஞ்சிக்கிட்டா அடுத்த வாட்டி பண்ண மாட்டன்ல" என்றார். அடுத்த வாட்டி என்று அவர் சொன்னபோது மைத்துனர் வால்வின் மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

அக்கா தாளை என் மேஜையில் விரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் பேனாவை எடுத்தேன். முதல் ஐந்து மணியின் மேல் ஒரு வட்டம் போட்டேன்.

"இங்கதான்க்கா. கொஞ்சம் வேகமா ஏத்திட்டீங்க போல."

எண்ணைப் பார்த்தால் அது பொய்யில்லை. ஆனால் நான் என் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே அதுதான் பெரியது. அக்கா அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமாம்மா. அப்பிடித்தான் இருக்கும். எனக்குத் தெரியாமயே கண்ணு அசந்திருக்குது" என்று சொல்லி, தாளைத் திரும்ப நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "டீ ஆறிடப் போவுது, குடி" என்று என் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார்.

அந்த டீயை நான் குடிக்கவில்லை. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். அக்காவிடமிருந்து அவர்கள் சூளையை எடுத்தார்கள் என்றால் வேலைதான் போச்சு. நான் எடுத்தது அதைவிடப் பெரியது. சூளைக்குள் எட்டிப் பார்த்து, திரை காட்டுவது தப்பு என்று கண்டுபிடித்த கண் அவருடையது. அந்தக் கண்ணையே அவர் சந்தேகப்படும்படி பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி வந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றி முடிப்பதற்குள் உள்ளே போய்விட்டேன். பொட்டு ஒட்டிய மூன்றாவது சூளையின் பழைய படம், சனிக்கிழமைச் சூளையின் புதுப் படம் இரண்டையும் ஒரே அளவு தாளில் எடுத்துப் போயிருந்தேன். பழைய படத்தில் பொட்டு இருந்த இடங்களைப் பேனாவால் குறித்து, அந்தத் தாளைப் புதுப் படத்தின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். ஐந்து புள்ளிகளும் கோட்டின் மேல் விழுந்தன. முதலாளி இரண்டு தாளையும் வாங்கித் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ஒனக்கு என்னைக்குத் தெரியும்?"

"திங்கக்கெழமையே சார்."

"என்னை விடு. அந்தப் பொம்பள மொகத்த எப்பிடிம்மா நாலு நாளு பாத்துக்குனு இருந்த?" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து சூளை அந்த அம்மாவிடம்தான் என்றார். சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

பெஞ்சுக்குப் போனேன். அக்கா கை நிறைய வெள்ளை மண்ணோடு ஒரு பச்சைச் சரக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெண்கள் டீக்கு எழுந்து போகிற வரை காத்திருந்து, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். மேலே பெயர் போட்டது, படம் இறங்கியது, பொட்டு அதே இடத்தில் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து சூளை அவருடையது என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் முகம் மாறும் என்று ஒரு நப்பாசை இருந்தது. மாறவில்லை. அவர் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் போட்டார்.

"அப்ப நேத்து நான் காயிதத்தக் கொண்டாந்து கேட்டப்ப, ஒனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சிதான் வட்டம் போட்ட."

தலையை ஆட்டினேன்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்தார். உள்ளே கையை விட்டு ஒரு மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். புதுசு. கடையின் பாலித்தீன் உறை இன்னும் பிரிக்காமல் இருந்தது.

"நேத்து வேல முடிஞ்சி நேரா ஜங்ஷன் ரோட்டுக் கடைக்குப் போனம்மா. மெஷின்ல வெச்சுப் பாத்துட்டு, ஒங்க கண்ணுல ஒரு கொறையும் இல்ல, கண்ணாடியே வேணாம்னு கடைக்காரரு சொன்னாரு. நீ வட்டம் போட்டுக் குடுத்திருக்கியே, நீ பொய் சொல்ல மாட்டன்னு, அவர்கிட்ட சண்ட போட்டு வாங்கியாந்தேன்" என்றார்.

கூட்டை என் கையில் வைத்துவிட்டு, துடைத்து முடிக்காத சரக்கை எடுத்துக்கொண்டார்.